மாஸ்டருக்கு ஒரு மண்டலம்

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று பின்னேரம் மூன்றரைக்கு எங்கள் வீட்டுக்குள் ஓர் ஆமை வந்தது. மூன்று முப்பத்தொன்றுக்கு என் மனிசி தவமலர் வீட்டை விட்டு வெளியேறினா. பின் வளவு மட்டும்தான். மழை தூறினபடியால் பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டா.

குற்றவாளி நான் இல்லை, மகள் ஆரணி. மான்செஸ்டரில் தாதியாக இருக்கிறாள். அவளுடைய சிநேகிதி ஒருத்தி அவுஸ்திரேலியாவுக்குக் குடிபோகிறாளாம், ஆமையைக் கொண்டுபோக வழியில்லையாம். "அப்பா, உங்களுக்கும் அம்மாவுக்கும் பொழுதுபோகும்" என்றாள். எங்களுக்கு என்ன பொழுது போகாமலா கிடக்கு? நான் ஹரோவில் பஸ் ஓட்டுகிறேன். வேலையால் வந்தால் கீழே நான் செய்தி பார்ப்பேன், மேலே தவமலர் நாடகம் பார்ப்பா. இரண்டு டிவி, சண்டையே கிடையாது. சில நாளில் பேச்சும் கிடையாது.

ஆமைக்கு வயது பன்னிரண்டு. ஒரு சோற்றுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்த அளவு. ஆனால் அந்தக் கோப்பை, கீழே விழுந்து நெளிந்து, யாரோ தட்டி நிமிர்த்தப் பார்த்துக் கைவிட்ட கோப்பை. ஓட்டிலே ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு குன்று. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிந்து கிடக்கிறது. நடக்கும்போது பள்ளத்தில் ஒரு சில்லை விட்ட வண்டி மாதிரிச் சாய்ந்து போகிறது. பார்த்தவுடன் எனக்குப் பிடித்துவிட்டது. நானும் ஏறக்குறைய அப்படித்தான் நடக்கிறேன்.

"ஆமை வந்த வீடு என்னவாகும் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?" என்றா தவமலர்.

"மூடநம்பிக்கை."

"சரி. அப்ப பார்ப்பம்." சுவரில் இருந்த கோயில் கலண்டரைக் கழற்றி மேசையில் வைத்தா. "ஒரு மண்டலம். நாற்பத்தெட்டு நாள். அதுக்குள்ள இந்த வீட்டில ஒரு கெட்டது நடந்தாலும் ஆரணி வந்து இதைக் கொண்டுபோகவேணும்."

"கெட்டது எண்டால் எது? வரையறை வேணும்."

"விழுகிறது, உடையிறது, துலையிறது, நோய் வருத்தம் வாறது."

மே 23ஐச் சுற்றிச் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம் போட்டா. நீதிபதியும் அவ, சட்டமும் அவ. எதிர்த்தரப்பு வழக்கறிஞன் நான். என் கட்சிக்காரர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 7, திங்கள்

பெயர் வைத்தாயிற்று. பழைய பெயர் ஜெரியாம். எனக்கு எட்டாம் வகுப்பில் கணக்குப் படிப்பித்த மாஸ்டரின் கழுத்து இவருக்கு அப்படியே. நான் இலையை நீட்ட, "இதைத்தானா செய்துகொண்டு வந்தாய்?" என்ற பார்வை பார்த்தார். ஆகவே மாஸ்டர். மரியாதைப் பன்மை தானாக வந்துவிட்டது.

ஆரணி எழுதித் தந்த தாளின்படி: டான்டிலியன் இலை, வாழைப்பழம் கூடாது, மாம்பழம் கூடவே கூடாது. ஒவ்வொரு நாளும் கால் மணித்தியாலம் இளஞ்சூட்டுத் தண்ணியில் இருத்தவேணும். தலைக்கு மேலே விசேஷ விளக்கு. கிழமைக்கு ஒருதரம் நிறுக்கவேணும். இன்று ஒரு கிலோ நூற்று நாற்பது கிராம், தவமலர் மா நிறுக்கும் தராசில். அவவுக்குத் தெரியாது.

ஏப்ரல் 8, செவ்வாய்

மூன்றாம் நாள். குளியலறையில் மாஸ்டரின் தண்ணி சிந்தி, நான் வழுக்கி, பின்பக்கத்தால் நிலத்தில் இருந்தேன். வானத்தில் நட்சத்திரம் தெரிந்தது, கூரை இருக்கத்தக்கதாக.

"என்ன சத்தம்?" கீழேயிருந்து.

"துவாய் விழுந்தது."

"துவாய் விழுந்தால் வீடு அதிருமோ?"

"ஈரத் துவாய்."

இரவுச் சாப்பாட்டுக்கு நான் கதிரையில் இருக்காமல் நின்று சாப்பிட்டேன். நின்று சாப்பிட்டால் சமிபாடு நல்லதென்று பேப்பரில் போட்டிருந்ததாகச் சொன்னேன். நம்பிவிட்டா. முப்பது வருஷமாக என்னை நம்பியே பழகிவிட்டா, பாவம்.

ஏப்ரல் 10, வியாழன்

அடுத்த தெருப் பூமணியக்கா வந்தா. வந்தா என்றால் கேற் வரைக்கும். ஹரோவில் எவர் வீட்டில் என்ன கறி என்பது முதல் எவருக்கு எந்த நாளில் என்ன செய்யக்கூடாது என்பது வரை அத்துப்படி. கோயில் ஐயரே சந்தேகம் வந்தால் இவவைத்தான் கேட்கிறாரென்று ஒரு கதை. கதையைக் கட்டினவவும் இவதான்.

"மலர், உள்ளுக்க வரமாட்டன். குறை நினையாதை. சங்கானையில எங்கட பெரியய்யா வீட்டுக் கிணத்துக்க ஒரு ஆமை கிடந்தது. ஆறு மாசம். பெரியய்யாவுக்கு வழக்குத் தோத்தது, மாடு செத்தது, பெரியம்மாவுக்குக் காது கேளாமல் போச்சு."

"பெரியம்மாவுக்கு எத்தினை வயசு?" என்றேன் நான்.

"தொண்ணூற்றொண்டு."

அவ போனபிறகு ஒரு விஷயம் உறைத்தது. வழக்கமாகப் பூமணியக்கா உள்ளே வந்தால் மூன்று மணித்தியாலம். இன்று எட்டு நிமிடம். மாஸ்டர் வந்த வீட்டுக்கு வந்த முதல் நன்மை. ஆனால் நன்மைகளைக் குறிக்க அந்தக் கலண்டரில் இடமில்லை.

ஏப்ரல் 12, சனி

இந்த ஓட்டு விஷயத்தை நான் விடப்போவதில்லை. குட்டியாக இருக்கையில் சரியான சாப்பாடும் ஈரப்பதமும் கிடைக்காததால் இப்படி வளர்ந்துவிட்டது, இனி மாறாது என்று தாளில் இருக்கிறது. மாறாதாம்! தாள் எழுதினவர்களுக்கு நல்லெண்ணெய் பற்றி என்ன தெரியும்? ஆண்களுக்குச் சனி முழுக்கு. நான் உச்சந்தலையில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை மாஸ்டரின் குன்றுகளில் சூடு பறக்கத் தேய்த்தேன். கழுத்தை நீட்டிக் கண்ணை மூடினார். சுகத்தில்தான்.

தவமலர் கடைக்குப் போயிருந்தா. சொல்லவில்லை. எண்ணெய் கெட்டதில் சேராது, ஆனாலும் எதற்கு?

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. கோயிலில் வாங்கிவந்த மருத்துநீரைத் தலையில் வைத்து இருவரும் முழுகினோம். நான் துடைத்துக்கொண்டு வர, தவமலர் கிண்ணத்தின் அடியைக் காட்டினா.

"ஒரு சொட்டு மிச்சமிருக்கு. அவருக்கும் வையுங்கோ."

"ஆருக்கு?"

"உங்கட மாஸ்டருக்குத்தான். பாவம், அவருக்கும் வருஷந்தானே."

அவர்! நான் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. வழக்கு நல்லபடி போகும்போது வழக்கறிஞன் சிரிக்கக் கூடாது.

ஏப்ரல் 17, வியாழன்

பெரும் அனர்த்தம். தவமலரின் மீன் காய்ச்சும் மண்சட்டி என் கையால் போய்விட்டது. பதினொரு வருஷச் சட்டி. அதில் வைத்தால் தண்ணிகூட மீன்குழம்பு மாதிரி மணக்கும். மாஸ்டருக்குக் கீரை அலசக் அகலமான பாத்திரம் தேடப்போய், அலுமாரித் தட்டில் இருந்து இழுக்க, நிலத்தில் நாலு துண்டு.

வெம்பிளிக்கு ஓடினேன். அதே அளவுச் சட்டி. ஆனால் புதுச்சட்டி பூசணிக்காய் நிறம். வளவின் மூலையில் வைத்துப் புகைபோட்டு, எண்ணெய் தடவி, நெத்தலி இரண்டு போட்டுக் கருக்கி, தேத்தண்ணிச் சாயமும் பூசி, ஒரு பின்னேரத்தில் பதினொரு வருஷம் ஆக்கினேன்.

இரவு அதிலே குழம்பு வைத்தா. "சட்டி பாரம் குறைஞ்சு கிடக்கு" என்றா.

"உமக்குக் கை பலமாகிட்டுது."

"ஓம், அப்பிடித்தான் இருக்கும்" என்று சொல்லி அகப்பையால் வாயை மூடிக்கொண்டா. இருமல் போல.

ஏப்ரல் 20, ஞாயிறு

மாஸ்டர் ஒரு கிலோ இருநூற்றுப்பத்து. என் பராமரிப்பு. (ஒரேயொரு துண்டு மாம்பழம். சத்தியமாய் ஒன்றுதான். சின்னத் துண்டு.) அவரின் வாயில் பப்பாளி மணம் அடித்தது; மாம்பழம் செமிக்கும்போது அப்படி மணக்கும் போல.

தவமலர் குளியல் தொட்டியில் நின்று உடுப்புகளைக் காலால் மிதித்துத் தோய்க்கிறா. "மெஷினில போட்டால் உடுப்பெல்லாம் தேயுது. இது உடற்பயிற்சியும் ஆச்சு" என்றா. இந்த வயதில் இப்படி ஒரு சுறுசுறுப்பு. நானும் இரண்டு சேர்ட்டைக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 23, புதன்

இதை எழுதத்தான் வேண்டுமா? யாரும் வாசிக்கப் போவதில்லை. எழுதுவோம்.

இருபத்தாறு வருஷமாகப் பஸ் ஓட்டுகிறேன், ஒரு கீறல் இல்லை. இன்று காலை ஸ்ரேசன் வீதியில் ஒரு விளக்குக் கம்பம் என் பஸ்ஸின் இடப்பக்கக் கண்ணாடியைத் தட்டிப் பறித்துவிட்டது. ஆளுக்கு ஆபத்தில்லை. நான் அந்த நேரம் வீதியோரப் புல்லில் டான்டிலியன் செழித்து நிற்கிறதே என்று பார்த்தது உண்மைதான், ஆனால் அறிக்கையில் எழுதவில்லை.

இரண்டு கிழமை பஸ் இல்லை, திரும்பவும் பயிற்சி. இருபத்திரண்டு வயதுப் பெடியனோடு பக்கத்தில் இருந்து "கண்ணாடி பார்ப்பது எப்படி" என்று படம் பார்க்கவேணும். பயிற்சி ஒன்பதுக்குத்தான். ஆனால் நான் வழமைபோல ஐந்தரைக்கு யூனிபோமோடு வெளிக்கிட்டு, டிப்போ கன்ரீனில் மூன்றரை மணித்தியாலம் குந்தியிருக்கப் போகிறேன். எல்லாம் ஒரு கோணல் ஓட்டுக்காக.

ஏப்ரல் 26, சனி

எண்ணெய். நான் தொடங்கமுதலே மாஸ்டர் பளபளத்தார். போன சனி தேய்த்தது ஒரு கிழமை நிற்கிறது! தாள் எழுதினவர்கள் வந்து பார்க்கட்டும்.

ஏப்ரல் 28, திங்கள்

தவமலர் காதில் ரோஸ் நிறப் பிளாஸ்ரிக் பூ. தாய் போட்ட சிவப்புக்கல் தோடு எங்கே என்றேன். "இப்ப இதுதான் ஃபாஷன். ஆரணிதான் சொன்னவள்" என்றா. ஐம்பத்துமூன்று வயதில் ஃபாஷன். வடிவாகத்தான் இருக்கிறது என்றேன், உண்மையும்தான். ஏனோ அவவின் கண் கலங்கின மாதிரி இருந்தது. பாராட்டிப் பழக்கமில்லாத புருஷனாக இருந்திருக்கிறேன்.

மேலே அறை குளிர் என்று இப்போதெல்லாம் கீழே மாஸ்டரின் விளக்குக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கிறா. ஒரு பேச்சுக்குக் கேட்டேன், நாடகம் பார்க்கவில்லையா என்று. "அதில எல்லாரும் கத்துகினம். இவர் கத்திறேல்ல."

மே 1, வியாழன்

காலையில் நல்ல சீலை, நல்ல சப்பாத்து, கைப்பை. பூமணியக்கா வீட்டுக்கு என்றா. பயிற்சி இன்று இல்லாதபடியால் நான் "ஓய்வு நாள்" என்று வீட்டில்.

இரண்டு மணிக்கு வந்தா. பூமணியக்கா வீட்டில் ஐந்து மணித்தியாலம் இருந்துவிட்டு ஒரு புதினமும் இல்லாமல் வந்தது சரித்திரத்தில் இதுதான் முதல் தடவை. சீலை மாற்றாமல் மாஸ்டரின் பெட்டிக்கு முன்னால் நிலத்தில் இருந்தா. தானே அவரைத் தூக்கித் தண்ணியில் வைத்து, கையால் அள்ளி அள்ளி ஓட்டில் விட்டா.

"என்ன, சுகமில்லையோ?"

"தலையிடி." உடனே தலையை ஆட்டினா. "தலையிடி இல்லை. நித்திரை குறைவு. அது வருத்தம் இல்லை."

பின்னேரம் பூமணியக்கா ஃபோன் எடுத்தா. "மலர் எங்க? ஒரு கிழமையா ஆளைக் காணேல்ல!" வயது போகப் போக மறதி. நேற்றில்லை, இன்று காலை வந்த ஆளையே மறந்துவிட்டா. கேலி பண்ணாமல் ஃபோனை வைத்தேன். எனக்கும் அந்த வயது வரும்.

மே 2, வெள்ளி

படியில் இறங்கும்போது கேட்டது. தவமலர் மாஸ்டரிடம்: "ஆருக்கும் சொல்லாதையுங்கோ. முக்கியமா இவருக்கு." என்னைப் பற்றித்தான் ஏதோ வசைபாடுகிறா. எட்டிப் பார்த்தேன், மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. நம்பகமான ஆள்.

மே 9, வெள்ளி

கடிதம் ஒன்று வந்தது. தவமலர் குசினியில் வாசித்தா. பிறகு மாஸ்டரைத் தூக்கிக்கொண்டு வளவுக்கு ஓடி, வெயிலில் புல்லில் விட்டு, தானும் பக்கத்தில் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்து சிரித்தா. பின்னேரம் பாயாசம், முந்திரிகை வற்றல் கொட்டிக் கொட்டி.

"என்ன விசேஷம்?"

"மாஸ்டர் இண்டைக்கு மஞ்சள் பூ சாப்பிட்டவர்."

பூச் சாப்பிட்டதற்குப் பாயாசம். நாளைக்குப் புல் சாப்பிட்டால் கொடியேற்றமா? நான் இரண்டு கிண்ணம் குடித்தேன். முப்பத்துநாலு நாள் முடிந்துவிட்டது. எனக்குப் பஸ்ஸும் திரும்பக் கிடைத்துவிட்டது. வெல்லப் போகிறோம்.

மே 13, செவ்வாய்

மாஸ்டர் சாப்பிடவில்லை.

மே 14, புதன்

இன்றும் இல்லை. மூலையில் போய் நின்று பின்காலால் பலகையைச் சுரண்டுகிறார்.

மே 15, வியாழன்

மூன்றாவது நாள். டான்டிலியன், மஞ்சள் பூ, ஒன்றும் தொடவில்லை. ஒரு கட்டத்தில் மாம்பழத்தையும் நீட்டிப் பார்த்தேன். மணந்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

"வெயில் கூடிட்டுது, அதுதான்" என்றேன்.

"ஓமோம், வெயில்தான்" என்றா தவமலர். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"வருத்தம் வாறது" என்று சட்டத்தில் இருக்கிறது. யாருக்கு வருத்தம் என்று அதில் இல்லை. ஆமைக்கே வந்தால் அது வீட்டுக்கு வந்த கெட்டதா, ஆமைக்கு நாங்கள் செய்த கெட்டதா? நீதிபதியைக் கேட்கத் துணிவில்லை. டொக்டரிடம் கொண்டுபோனால் வருத்தம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கொண்டுபோகாவிட்டால்? நாற்பதாவது நாள். இன்னும் எட்டு நாள். எட்டு நாள் தாங்குவாரா?

மே 16, வெள்ளி

விடிந்ததும் நான் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். எப்படிச் சொல்வதென்று ஒத்திகை பார்த்தபடி. வாசலில் தவமலர் கோட்டும் சப்பாத்துமாக, கையில் மாஸ்டர், துவாயில் சுற்றி.

"காரை எடுங்கோ. சட்டமும் மண்ணாங்கட்டியும். மாஸ்டருக்கு ஏலாமல் கிடக்கு."

ஆமை பார்க்கிற டொக்டர் ஒரு வெள்ளைக்காரப் பெட்டை, ஆரணியிலும் ஒன்றிரண்டு வயது கூடவாக இருக்கும். நிறுத்துப் பார்த்தா: ஒரு கிலோ நானூற்றுப்பத்து. புருவத்தை உயர்த்தினா. பிறகு ஒரு பஞ்சை எடுத்து ஓட்டைத் துடைத்தா. பஞ்சு தார் றோட்டில் உருட்டி எடுத்தது மாதிரி வந்தது. மணந்து பார்த்தா.

"இதிலே என்ன பூசியிருக்கிறீர்கள்?"

நான் கூரையைப் பார்த்தேன். கூரை உதவவில்லை. "நல்லெண்ணெய். சனிக்கிழமையில மட்டும்."

தவமலர் சடாரென்று திரும்பினா. "நீங்களுமோ?"

"நீரும் பூசினனீரோ?"

"தேங்காயெண்ணெய். வெள்ளிக்கிழமையில."

"வெள்ளி பொம்பிளையளுக்கெல்லோ! இவர் ஆம்பிளை. சனிதான் சரி."

"எனக்கு வெள்ளிதான் வசதி, நீங்கள் காலமை வேலைக்குப் போற நாள்!"

டொக்டர் எங்கள் சண்டை முடியும்வரை பொறுமையாக நின்றுவிட்டு, மாஸ்டரைக் கவிழ்த்து வாலைக் காட்டினா. வால் சின்னது, அடிவயிறு தட்டை. "இது ஆண் இல்லை. பெண்."

தவமலர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நாற்பத்தொரு நாளில் அவ வென்ற முதல் வாதம், அதுவும் ஆமையின் வால் சாட்சியாக.

எண்ணெய் பூசக்கூடாதாம். தூசியைப் பிடித்து, வெயில் ஓட்டில் படாமல் செய்யுமாம். மாம்பழமும் (நான்) பப்பாளியும் (அவ) கூடாதாம். ஆனால் சாப்பிடாததற்குக் காரணம் வேறாக இருக்கலாம், படம் எடுத்துப் பார்க்கவேணும் என்று மாஸ்டரை உள்ளே கொண்டுபோனா.

வெளியே நீள வாங்கில் இருந்தோம். பக்கத்தில் ஒரு கிழவர், மடியில் முயல். துவாய் வெறுமையாகத் தவமலரின் மடியில் கிடந்தது.

"நான் விழுந்தனான்" என்றேன் எடுத்த எடுப்பில். "மூண்டாம் நாளே. உம்மட சட்டியை உடைச்சுப்போட்டன். பஸ் கண்ணாடியையும் உடைச்சிட்டன். ரெண்டு கிழமை பஸ் தரேல்ல. நான் கன்ரீனில குந்தியிருந்தனான்."

"சட்டி தெரியும்."

"எப்பிடி?"

"பழைய சட்டிக்கு அடியில ஒரு வெடிப்பு. நீங்கள் வெடிப்பை மட்டும் செய்ய மறந்திட்டியள்." சிரித்தா. பிறகு விரலால் காதைத் தொட்டா. "அம்மான்ர தோட்டில ஒண்டு துலைஞ்சு போச்சு. மெஷினும் பழுது. இவ்வளவு நாளும் உங்கட யூனிபோமை மிதிச்சே எனக்குக் குதிக்கால் நோகுது."

நானும் சிரித்தேன். கிழவரும் சிரித்தார், ஒன்றும் விளங்காமலே. அப்போதுதான் தவமலர் துவாயை மடித்து, இன்னொருதரம் மடித்து, சொன்னா.

"பொம்பிளையளுக்கு எடுக்கிற அந்த நெஞ்சுப் படத்தில ஒரு கட்டி தெரியுது, திரும்ப வாங்கோ எண்டு கூப்பிட்டவை. அதுதான் முதலாம் திகதி போனனான். ஊசி போட்டு எடுத்தவை. ஒம்பதாம் திகதிதான் கடிதம் வந்தது. வெறும் நீர்க்கட்டி. ஒண்டுமில்லை."

பூமணியக்காவுக்கு மறதி இல்லை. பாயாசம் பூவுக்கு இல்லை. நானோ இரண்டு கிண்ணம் குடித்ததைப் பெருமையாக எழுதி வைத்திருக்கிறேன்.

"தனியவோ போனனீர்?"

"ஓம்."

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"சொன்னால் மாஸ்டரை அனுப்பவேணுமெல்லோ. சட்டம் போட்டது நான்தானே." துவாயைத் தடவிக்கொண்டே, "அவருக்குச் சொன்னனான். அவவுக்கு" என்றா.

அதற்குப் பிறகு நான் என்ன சொன்னேன் என்று எழுதப் போவதில்லை. கிழவர் முயலைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு எனக்குக் கண் துடைக்க ஒரு ரிசூ நீட்டினார். தவமலர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தா, டொக்டர் கூப்பிடும்வரை.

டொக்டர் படத்தைக் காட்டினா. வெளிச்சத்தில் மாஸ்டரின் எலும்பெல்லாம் கோணல் மாணலாக. அதன் நடுவே நாலு வெள்ளை உருண்டை, வரிசையாக, நுங்குச் சுளை மாதிரி வடிவாக.

"முட்டை. நாலு. அதுதான் சாப்பாடு இறங்கவில்லை. கிண்ட மண் தேடியிருக்கிறாள்."

"ஆம்பிளை இல்லாமலோ?" என்றா தவமலர்.

ஆமைகள் அப்படியும் இடுமாம், குஞ்சு வராதாம். வெயில் படுகிற இடத்தில் இளக்கமான மண் கொடுத்தால் தானே இட்டுவிடுமாம். ஓடு? இப்படித்தான் இருக்கும், அதனால் இவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, கோணல் குன்றில் இரண்டு தட்டுத் தட்டினா.

காரில் வரும்போது இனி என்ன பெயர் என்று கேட்டேன். "மாஸ்டர்தான். பொம்பிளையள் கணக்குப் படிப்பிக்கக் கூடாதோ?"

மே 18, ஞாயிறு

வளவின் தெற்கு மூலையில் மண்ணும் மணலும் கலந்து மேடு கட்டினோம். நான் கொத்த, அவ அரிக்க. முப்பது வருஷத்தில் நாங்கள் சேர்ந்து கட்டிய முதல் வீடு. ஆரணிக்கு ஃபோனில் எல்லாவற்றையும் சொன்னோம். நெஞ்சுப் படக் கதையைக் கேட்டுவிட்டு அவள் முதலில் தாய்க்கு ஏசினாள், பிறகு எனக்கு ஏசினாள், கடைசியில் "மாஸ்டருக்குப் பிரசவமோ?" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆனால் ஒருவரும் மே 23 பற்றிப் பேசவில்லை. கலண்டர் சுவரில் அப்படியே தொங்குகிறது. விழுந்ததும் உடைந்ததும் துலைந்ததும் வருத்தம் வந்ததும் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. சட்டப்படி நாங்கள் எப்போதோ தோற்றாயிற்று. தவமலர் சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

மே 21, புதன்

மாஸ்டர் மேட்டைச் சுற்றிச் சுற்றி நடக்கிறா. முட்டை இடவில்லை. நான் லீவு எடுத்துவிட்டேன், காரணம் கேட்ட இடத்தில் "குடும்பத்தில் பிரசவம்" என்று எழுதினேன்.

மே 23, வெள்ளி

நாற்பத்தெட்டாம் நாள்.

பன்னிரண்டரைக்கு மாஸ்டர் மேட்டில் ஏறி, பின்காலால் கிண்டத் தொடங்கினா. இடக்கால் ஒரு வாரல், வலக்கால் ஒரு வாரல். ஓடு சாய்ந்திருப்பதால் குழியும் சாய்ந்தே போனது. நாங்கள் இருவரும் பிளாஸ்ரிக் கதிரைகளில், நடுவே ஒரு குடை. மழைத்தூறல் வந்ததும் தவமலர் எழும்பிக் குடையை மாஸ்டருக்குப் பிடித்தா. நான் நனைந்தேன். தகப்பன்மார் நனைவது வழக்கம்.

இரண்டே காலுக்கு முதல் முட்டை. தவமலர் என் கையைப் பிடித்து நசுக்கினா. இரண்டு, மூன்று. மூன்றுக்குப் பிறகு நீண்ட இடைவெளி. "முக்கம்மா, முக்கு" என்று மெல்லச் சொன்னா. நாலு. மாஸ்டர் திரும்பிப் பார்க்காமல் மண்ணை இழுத்து மூடினா, வயிற்றால் அமத்தினா, இறங்கி நேரே போய் டான்டிலியன் இலையை ஒரு கவ்வு. பத்து நாள் பட்டினிக்கு ஒரே மூச்சில் ஏழு இலை! நாங்கள் கைதட்டினோம். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

நாலு மணிக்குக் கேற்றில் பூமணியக்கா. நாற்பத்தெட்டை அவவும் எண்ணியிருக்கிறா, விட்டுவிடுவாவா?

"மலர், மண்டலம் முடிஞ்சுதெல்லோ? எப்ப அனுப்பிறியள்?"

தவமலர் மண் படிந்த கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேற்றுக்குப் போனா.

"அக்கா, உங்களிட்டத்தான் கேக்கவேணும் எண்டிருந்தன். மத்தியானம் பிள்ளை பிறந்திட்டுது. நாலு."

"ஆருக்கு?"

"மாஸ்டருக்கு. அப்ப வீடு துடக்குத்தானே? முப்பத்தொரு நாள் தீட்டு?"

பூமணியக்காவின் வாய் திறந்தபடி நின்றது. முறை என்று வந்தால் பிள்ளை பிறந்தது ஆருக்கு என்று பார்க்கிறதில்லை அவ. மனதுக்குள் ஏதோ கூட்டிக் கழித்துப் பார்த்தா. "துடக்குத்தான்" என்றா கடைசியில். "முப்பத்தொண்டு."

"பிள்ளை பெத்த பொம்பிளையைத் துடக்குக் கழியாமல் வீட்டை விட்டு அனுப்பலாமோ அக்கா?"

"சீ! என்ன கதை கதைக்கிறாய்? ஆரும் செய்வினமே! பச்சைத் தண்ணியில இருத்தாதை. இளஞ்சூடு. காத்துப் படாமல் வை." இரண்டடி நடந்தவ திரும்பி வந்தா. "சுகப்பிரசவமோ?"

"சுகப்பிரசவம்."

"நல்லது, நல்லது" என்று சொல்லிக்கொண்டே போனா. இன்று மாலைக்குள் ஹரோ முழுவதும் தெரிந்துவிடும்.

உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் நாங்கள் சிரித்த சிரிப்பில் தவமலருக்கு விக்கலே வந்துவிட்டது. தண்ணி கொடுத்துவிட்டுக் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் என் வாய் அப்படி.

"முப்பத்தொரு நாள் முடிய?"

கலண்டரை எடுத்து மேசையில் விரித்தா. விரலை நகர்த்தினா. "துடக்குக் கழிய ஆனி. அதில ஆரணி வந்து நிப்பாள், அந்த நேரம் ஏலாது. பிறகு ஆடி. ஆடியில ஆரையும் வீடு மாத்தக்கூடாது. ஆவணியில கோயில் திருவிழா, ஆருக்கு நேரம்? புரட்டாதி விரதம். ஐப்பசியில குளிர் தொடங்கிடும், குளிருக்க அனுப்பினால் பாவம். கார்த்திகையில அவ நித்திரைக்குப் போயிடுவா, மாசி வரைக்கும். நித்திரையாக் கிடக்கிறவளை எழுப்பி அனுப்பலாமோ?"

"அனுப்பக் கூடாது."

"எண்டபடியால் பங்குனிக்குப் பிறகு யோசிப்பம்." தாளைப் புரட்டிக்கொண்டு போய், நவம்பரில் ஒரு நாளின் மேல் விரலை வைத்தா. "இதில எனக்குத் திரும்ப ஒருக்கா வரச் சொல்லியிருக்கினம். சும்மா பார்க்கத்தான். பதினொரு மணிக்கு."

"நான் வாறன்."

"வேலை?"

"கண்ணாடி உடைச்சாவது வாறன்."

பேனையைத் தந்தா. அந்தக் கட்டத்துக்குள் நானே எழுதினேன்: மலர், ஆஸ்பத்திரி, பதினொரு மணி, இரண்டு பேரும். இடம் காணாமல் கடைசிச் சொல் அடுத்த நாளுக்குள் போய்விட்டது.